கோட்டின் மறுமுனை

சென்னைத் துறைமுகத்தில் அந்தமான் கப்பல் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்புகிறவர்கள். தையல் மெஷின், பேரனுக்கு வாங்கிய சைக்கிள், மாதக் கணக்குக்குச் சேர்த்து வாங்கிய மாத்திரை, கல்யாணப் பட்டு என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு வீட்டின் தேவை தெரிந்தது. எங்கள் சாமான் மரப்பெட்டிகளில் போனது: மாற்று ரூட்டர்கள், ஸ்விட்சுகள், யூ.பி.எஸ். பேட்டரிகள். விமானத்தில் இரண்டேகால் மணி நேரப் பயணம்தான். ஆனால் அத்தனை பேட்டரியை விமானத்தில் ஏற்ற முடியாது. தவிர, அந்தக் கடலை ஒருமுறை கப்பலில் கடந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு.

ஆசைக்குக் காரணம் ஒரு கோடு. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் கிளைகள் வைத்திருக்கும் ஓர் அமைப்பின் நெட்வொர்க்கைச் சென்னையிலிருந்து கவனிப்பது எங்கள் குழுவின் வேலை. கண்காணிப்பு அறைச் சுவரில் ஒரு பெரிய திரை. அதில் இரவும் பகலும் ஒரு வரைபடம். ஒவ்வொரு ரூட்டரும் ஸ்விட்சும் அதில் ஒரு சின்னம், இணைப்பெல்லாம் கோடு. வேலை செய்தால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், நின்றுபோனால் சிவப்பு. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே அந்தத் திரையில் இரண்டு விரற்கடை தூரம். அங்கிருந்து ஹட் பே, கார் நிக்கோபார், கமோர்ட்டா, கேம்ப்பெல் பே என்று தெற்கே இறங்கும் கோடுகள் இன்னும் குட்டை. அந்தக் கோடுகளின் மறுமுனையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்து, படத்தைச் சரிசெய்து வருவதுதான் பயணத்தின் நோக்கம்.

நெட்வொர்க் வரைபடத்தில் தூரம் பொய்யாக இருப்பது தவறல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். 1933-இல் லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் வரைந்த படம் அச்சாகிப் பயணிகள் கைக்கு வந்தது. மின்சுற்றுகளின் படம் வரைந்து பழகியவர் அவர். மைல் கணக்கை விட்டுவிட்டார். எந்த நிலையத்துக்கு அடுத்தது எது, எங்கே இறங்கி மாற வேண்டும் என்பதை மட்டும் வைத்துக்கொண்டார். ரயிலில் போகிறவருக்கு அதுதான் தேவை. நெட்வொர்க்கைக் காப்பவருக்கும் முதல் கேள்வி அதுவே: எது எதோடு இணைந்திருக்கிறது, நடுவில் ஒன்று அறுந்தால் யாருக்கெல்லாம் போகாது.

ஆனாலும் ஒரு சமயம் தூரத்தை உடம்பால் அறிய வேண்டியிருக்கிறது. கரை மறைந்ததும் போனில் சிக்னல் போய்விட்டது. ஏறத்தாழ மூன்று நாள் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. பங்க் வகுப்பில் மேல் படுக்கையில் கிடந்து, லேப்டாப்பில் சேமித்து வைத்திருந்த வரைபடத்தைப் பார்த்தேன். சென்னை–போர்ட் பிளேர் கோட்டின் மேல் அலைவரிசை அளவை எழுதி வைத்திருந்தோம். அதற்குப் பக்கத்தில் தாமதத்தையும் எழுத வேண்டும் என்று அப்போது குறித்துக்கொண்டேன். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நேர்க்கோட்டில் 1,350 கிலோமீட்டருக்கு மேல். ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப 15 மில்லிசெகண்ட் அளவு ஆகிறது. செயற்கைக்கோள் வழியாகப் போனால் 35,786 கிலோமீட்டர் உயரம் ஏறி, இறங்கி, பதில் மறுபடி ஏறி இறங்க வேண்டும். அரை விநாடி தாண்டிவிடும். ஆகவே அந்த எண் ஒன்றைப் பார்த்தாலே போதும், தீவுக்காரர்கள் அந்த நிமிடம் கடலடிக் கேபிளில் இருக்கிறார்களா, மாற்று வழியான வி-சாட்டுக்கு மாறிவிட்டார்களா என்று தெரிந்துவிடும். கோடு பச்சையாகவே இருக்கும்போதும், கிளையில் பணம் எடுக்க வந்தவர்கள் வரிசையில் காத்திருப்பது அந்த எண்ணில்தான் தெரியும்.

கப்பல் போகிற இந்தக் கடலில் கம்பி புதிதல்ல. 1870களின் தொடக்கத்திலேயே சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தந்திக் கேபிள் போட்டுவிட்டார்கள். 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஐ2ஐ என்ற ஒளியிழைக் கேபிள் வந்தது. அதன் பிறகு வேறு சிலவும் வந்தன. உலகத்துக்கான செய்தியெல்லாம் இந்தத் தீவுகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, தீவுக்காரர்கள் செயற்கைக்கோளை நம்பி இருந்தார்கள். கோடு பக்கத்தில் போவதும் ஊர் இணைவதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. 2018 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் அடிக்கல் நாட்டி, 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது சென்னை–அந்தமான் நிக்கோபார் கேபிள். ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர், 1,224 கோடி ரூபாய். பி.எஸ்.என்.எல். பொறுப்பில் போட்டது. போர்ட் பிளேர் தவிர ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், ஹட் பே, கார் நிக்கோபார், கமோர்ட்டா, கேம்ப்பெல் பே ஆகிய இடங்களிலும் கரையேறுகிறது. சென்னை–போர்ட் பிளேர் இடையே விநாடிக்கு 200 கிகாபிட் வீதம் இரண்டு, மற்றத் தீவுகளுக்கு 100 கிகாபிட் வீதம் இரண்டு என்பது தொடக்கத் திட்டம்.

எங்கள் மென்பொருளுக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. அது பார்ப்பது சென்னை ரூட்டரையும் போர்ட் பிளேர் ரூட்டரையும்தான். நடுவில் கேபிள் எங்கே திரும்புகிறது, எந்த ஆழத்தில் கிடக்கிறது என்பது அதன் கண்ணுக்கு வராது. அது படம் வரையும் முறையைச் சொன்னால் ஏன் என்று விளங்கும். ஊருக்குப் புதிதாக வந்தவர் முதல் வீட்டில் பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்டு, அங்கே போய் அடுத்த வீட்டைக் கேட்டுக் கேட்டுத் தெருவை அறிவதுபோல, அது ஒரு ரூட்டரில் தொடங்குகிறது. எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறையில் அந்த ரூட்டரிடம் கேட்கிறது: உனக்கு யார் யாரைத் தெரியும்? ரூட்டர் தன்னிடம் உள்ள முகவரிப் பட்டியலைத் தருகிறது. அந்தப் பட்டியலில் இருப்பவர்களிடம் அதே கேள்வி. 2005-இல் ஐ.ட்ரிபிள்.ஈ. தரமாக ஏற்றுக்கொண்ட எல்.எல்.டி.பி. வந்த பிறகு வேலை எளிதானது. ஒவ்வொரு கருவியும் வழக்கமாக 30 விநாடிக்கு ஒரு முறை தன் பெயரையும் போர்ட் எண்ணையும் பக்கத்துக் கருவிக்கு அறிவிக்கிறது. மென்பொருள் அதைத் திரட்டிக் கோடு போடுகிறது. பேசத் தெரிந்த கருவிகள் மட்டுமே படத்தில் வரும். பேசாதவை இல்லாதவையாகிவிடும்.

தூரத்து ஊரின் நிலையைத் திரையில் பார்ப்பது எங்கள் தலைமுறை கண்டுபிடித்ததல்ல. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் என்ற கணினி நெட்வொர்க்குக்கு மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் பி.பி.என். நிறுவனம் ஒரு கட்டுப்பாட்டு மையம் நடத்தியது. நெட்வொர்க்கின் ஒவ்வொரு முனையும் தன் நிலையைத் தானே அடிக்கடி அங்கே தெரிவித்தது. கண்டத்தின் மறுகரையில், கலிபோர்னியாவில் ஒரு தொலைபேசி லைன் பழுது என்று கேம்பிரிட்ஜிலிருந்து கூப்பிட்டுச் சொன்னபோது தொலைபேசிக் கம்பெனிக்காரர்கள் திகைத்தார்களாம். அந்த மையத்துக்காரர்கள் இரண்டு வகைப் படம் அச்சிட்டு வைத்திருந்தார்கள்: அமெரிக்க வரைபடத்தின் மேல் புள்ளி வைத்தது ஒன்று, ஊரை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் காட்டியது இன்னொன்று. இரண்டும் ஏன் வேண்டியிருந்தன என்பது எனக்குப் போர்ட் பிளேரில் விளங்கியது.

2024 செப்டம்பரில் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியிருக்கிறார்கள். கப்பலில் வந்தவர்கள் வாயில் போர்ட் பிளேர்தான் இருந்தது. ஹேடோ துறையில் இறங்கி ஆட்டோ பிடித்தால் ஓட்டுநர் தமிழில் பேசுகிறார். அபர்தீன் பஜாரில் பரோட்டாக் கல் தட்டும் சத்தம். மேட்டில் வெற்றிமலை முருகன் கோயில். இந்திய நேரத்தையே இவ்வளவு கிழக்கில் வைத்துக்கொண்டிருப்பதால் விடியல் ஐந்து மணிக்கே வந்துவிடுகிறது, மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடுகிறது. சென்னையில் உட்கார்ந்து இந்தக் கிளையின் போக்குவரத்துக் கோட்டைப் பார்க்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அங்கே நமக்கு அதிகாலையாகத் தோன்றும் நேரத்தில் இங்கே ஊர் நடமாடத் தொடங்கிவிடுகிறது.

கிளையின் நெட்வொர்க் பொறுப்பு ஓர் இளம்பெண்ணிடம் இருக்கிறது. தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். இவர் பிறந்து வளர்ந்தது இங்கே. பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே வரைபடத்தைப் பற்றிய புகாரைச் சொன்னார். “அண்ணா, இந்த மேப்பை யார் வரையிறா? நேத்து ஹட் பே இடது பக்கம் இருந்துச்சு. இன்னைக்கு மேல போயிருச்சு. ராத்திரி அலாரம் அடிக்கும்போது நான் ஊரைத் தேடிக்கிட்டா இருக்க முடியும்?”

நியாயமான புகார். படத்தை மென்பொருளே அடுக்கும்படி விட்டிருந்தார்கள். இணைந்த புள்ளிகள் ஒன்றையொன்று இழுக்கும், இணையாதவை தள்ளும் என்று பாவித்து, இழுவையும் தள்ளலும் சமன்படும் இடத்தில் புள்ளிகளை நிறுத்துகிற கணக்கு அது. கோடுகள் சிக்காமல் அழகாக விரியும். ஆனால் ஒரு புதிய ஸ்விட்ச் சேர்ந்தால் மொத்தப் படமும் நகர்ந்துவிடும். மனிதர் வரைபடத்தை ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பதில்லை. கீழ் மூலையில் சிவப்பு என்றால் கேம்ப்பெல் பே என்று கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைக் கெடுக்கிற படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் நள்ளிரவில் உதவாது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு புள்ளியையும் அவர் சொன்ன இடத்தில் வைத்துப் பூட்டினோம். இனிப் புதிதாக வருகிற கருவி ஓர் ஓரத்தில் வந்து நிற்கும்; யாராவது பார்த்து, என்னவென்று அறிந்து, உள்ளே எடுத்து வைக்க வேண்டும். மென்பொருள் கண்டுபிடிக்கட்டும். இடம் கொடுப்பது மனிதர் வேலை.

பிறகு வந்தது திசை விவாதம். வடக்கு மேலே, தெற்கு கீழே, தீவுகளின் உருவம் பின்னணியில் என்று அவர் கேட்டார். எனக்கு இணைப்பை மட்டும் காட்டும் படம் போதும் என்றிருந்தது. தீவுகளை உள்ளபடி வைத்தால் பாதித் திரை வெறும் கடலாகிவிடும். போர்ட் பிளேர் கிளைக்குள்ளேயே உள்ள கருவிகள் ஒரு புள்ளியில் குவிந்து ஒன்றன்மேல் ஒன்றாகிவிடும். கடைசியில் இரண்டும் செய்தோம். தீவுகளின் உருவத்தோடு ஒன்று. அதில் ஊருக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைத் தொட்டால் உள்ளே விரிவது இணைப்புப் படம். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத கண் சிலருக்கு உண்டு என்பதால், நின்றுபோன கருவிக்கு நிறத்தோடு ஒரு பெருக்கல் குறியும் வைத்தோம்.

படத்தில் சாம்பல் நிறத்தில் சில சின்னங்கள் மாதக் கணக்காகக் கிடந்தன. பழைய வி-சாட் மோடம்கள். அழித்துவிடலாம் என்றேன். அவர் மறுத்தார். “அது செத்துப்போன கருவி இல்லண்ணா. தூங்குது. கேபிள் போச்சுன்னா அதைத்தான் எழுப்பணும்.” புள்ளிக்கோடாக, தனி அடுக்கில் அவற்றை வைத்தோம். கேபிள் வந்ததைக் கொண்டாடிய ஊரில் செயற்கைக்கோள் தட்டை மொட்டை மாடியிலிருந்து இறக்காமல் வைத்திருப்பது பழைமைப் பற்று அல்ல, தீவில் வாழ்கிறவரின் அறிவு.

ஹட் பேக்குத் தீவுக் கப்பலில் ஓர் இரவு. லிட்டில் அந்தமான் தீவின் துறை அது. 2004 ஆழிப்பேரலை அலைத்தடுப்புச் சுவரை உடைத்துப் போட்ட இடம். இறங்கியதும் தென்னையும் ஈரமும், செம்மண் சாலையோரம் வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வீடுகளும். டுகாங் கிரீக் பக்கம் ஒங்கே மக்களின் காப்பு நிலம். வெளியாட்களுக்கு அங்கே அனுமதி இல்லை, எங்களுக்கும் அங்கே வேலை இல்லை.

ஹட் பே கிளைக்கு எங்கள் படத்தில் இரண்டு கோடுகள். ஒன்று ஃபைபர், மற்றது ரேடியோ லிங்க். ஒன்று போனால் மற்றது தாங்கும் என்று சென்னையில் எல்லோருக்கும் நிம்மதி. கிளையைக் கவனித்துக்கொள்கிற வங்காள இளைஞர் இந்தியில் பேசினார். பேச்சைவிட நடப்பதில் நம்பிக்கை உள்ளவர். “வாங்க, லைனைக் காட்டுறேன்” என்று என்னை ரோட்டுக்கு அழைத்துப் போனார். கிளைச் சுவரிலிருந்து வெளியேறும் ஃபைபர் கம்பத்தில் ஏறுகிறது. மாடியிலிருந்து இறங்கும் ரேடியோ லிங்க்கின் வயரும், ரேடியோவுக்குப் போகும் மின்சாரமும் அதே கம்பத்தின் வழியாகத்தான். ஒரு மரக்கிளை, ஒரு லாரியின் பின்பக்கம், ஒரு புயல் இரவு போதும். படத்தில் இருக்கும் இரண்டு கோடுகளும் ஒன்றாகப் போய்விடும்.

அந்தக் கம்பத்தடியில் நெடுநேரம் நின்றேன். இந்தப் பயணத்தில் நான் கற்ற முக்கியமான பாடம் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. தர்க்கப்படி பார்த்தால் இரண்டு பாதை. தரையில் பார்த்தால் ஒன்று. கம்பத்துக்கு முகவரி கிடையாது. பிங் செய்தால் பதில் சொல்லாது. உலகின் எந்த நெறிமுறையும் அதைக் கண்டுபிடித்துப் படத்தில் போடாது. கையால் ஒரு சின்னம் போட்டோம்: “கம்பம், கிளைக்கு எதிரே.” அதன் வழியாக இரண்டு கோடுகளையும் இழுத்தோம். பார்த்ததும் எவருக்கும் புரியும், இங்கே மாற்றுப் பாதை என்று எதுவும் இல்லை என்று. ரேடியோவின் வயரை வேறு சுவர் வழியாகக் கொண்டுபோக அந்த இளைஞர் அன்றே அளவெடுத்துக்கொண்டார்.

உள்ளே இன்னொன்று. ஒரு ஸ்விட்சின் ஒரே போர்ட்டில் பதினோரு கணினிகள் தொங்குவதாக எங்கள் படம் சொல்லிக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால், பஜாரில் வாங்கிய எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒன்று, அதிலிருந்து இன்னொன்று. இரண்டும் முகவரி இல்லாத, பேசத் தெரியாத எளிய கருவிகள். இளைஞருக்கு அவை இருப்பது தெரியும். சென்னையில் யாரும் அவரைக் கேட்டதில்லை. உப்புக் காற்றில் அவற்றின் தகட்டு ஓரம் பொரிந்திருந்தது. காற்றுத் துளையில் எறும்பு. மாற்றுக் கருவிகளைப் பொருத்தினோம். அவை பேசத் தொடங்கியதும் மறுமுறை தேடலில் படம் தானாகவே நேரானது. அதைப் பார்த்து அவர் மகிழ்ந்ததைப் பார்க்க எனக்கும் மகிழ்ச்சி.

ஹட் பேயைத் தாண்டினால் பத்து டிகிரிக் கால்வாய். லிட்டில் அந்தமானுக்கும் கார் நிக்கோபாருக்கும் இடையே திறந்த கடல். கப்பல் நன்றாக ஆடும். சாய்ந்து படுக்க முடியாத அந்த இரவில் நான் செய்த வேலை, எந்தக் கருவிக்கு எது தாய் என்று பட்டியல் போட்டது. போர்ட் பிளேரில் ஒரு ரூட்டர் நின்றால் தெற்கே உள்ள எல்லாத் தீவும் பதில் சொல்லாமல் போகும். மென்பொருளுக்கு உறவுமுறை சொல்லித் தராவிட்டால் அத்தனையும் சிவப்பாகி, அத்தனைக்கும் அலாரம் அடிக்கும். தாய் எது, பிள்ளை எது என்று சொல்லித் தந்துவிட்டால், தாயை மட்டும் சிவப்பாக்கி, மற்றவற்றை ‘எட்ட முடியவில்லை’ என்று வேறு நிறத்தில் வைக்கும். நேகியோஸ் போன்ற மென்பொருளில் இந்த வசதி பல காலமாக உண்டு. ராத்திரி வேலையில் இருக்கிறவர் நாற்பது சிவப்புக்கு நடுவே திணறாமல் ஒன்றைப் பார்த்து நேராக வேலைக்குப் போகலாம். இதற்கு வேண்டிய உண்மையான உறவுமுறை கம்பத்தடியில் நிற்காமல் கிடைக்காது.

கார் நிக்கோபார் தட்டையான தீவு. நிக்கோபார் மாவட்டத்துக்கு வெளியாட்கள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். எனக்கு இருந்தது கேம்ப்பெல் பேக்குத்தான். மேல்தளத்திலிருந்து தென்னைகளைப் பார்த்ததோடு சரி. அங்கே ஏறிய நிக்கோபாரிக் குடும்பங்கள் பாயை விரித்துத் தளம் முழுவதையும் வீடாக்கிக்கொண்டன. கமோர்ட்டாவை நெருங்கும்போது பச்சைக் குன்றுகளுக்கு நடுவே கடல் அடங்கி, நங்கௌரித் துறைமுகம் திறந்தது. நான் பார்த்த துறைமுகங்களில் இதைப்போல் அழகானது இல்லை.

அந்தத் தளத்தில்தான் கச்சால் தீவுக்குப் போகிற ஒரு பாட்டியைச் சந்தித்தேன். இலங்கை மலையகத்தில் பிறந்தவர். தாயகம் திரும்பியோர் என்று பெயரிட்டு அரசு கொண்டுவந்தவர்களில் ஒரு பகுதியினரை 1970களில் கச்சாலின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். அவர் அப்படி வந்தவர். என் லேப்டாப்பில் தீவுகளின் உருவத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். “தம்பி, எங்க தீவு இதுல இருக்கா?”

நாங்கள் கவனிக்கும் அமைப்புக்குக் கச்சாலில் கிளை இல்லை. ஆனால் போர்ட் பிளேர் பெண் கேட்டுக்கொண்டபடி பின்னணியில் எல்லாத் தீவுகளும் இருந்தன. கமோர்ட்டாவுக்கு மேற்கே புள்ளியில்லாத அந்த உருவத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலை வைத்தார். “இந்தப் பக்கம் எங்க வீடு. இந்தப் பக்கம் இருந்தவங்க அலையில போயிட்டாங்க.” கச்சால் 2004 டிசம்பர் 26-இல் மிகப் பலரை இழந்த தீவு. கண்காணிப்புப் படத்தில் நாம் புள்ளி வைக்காத இடத்திலும் ஊர் இருக்கிறது. இணைப்புப் படம் மட்டும் போதும் என்று நான் பிடித்த பிடியை அந்தத் தளத்தில் முழுதாக விட்டேன்.

கேம்ப்பெல் பே கிரேட் நிக்கோபாரின் கிழக்குக் கரை. 1969 முதல் இங்கே முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்களைக் கொண்டுவந்து நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். பஞ்சாபிகள், மராத்தியர், மலையாளிகள், தமிழர் எல்லோரும் உண்டு. கிளையின் மின்சாரத்தையும் கருவிகளையும் பார்த்துக்கொள்பவர் அப்படி வந்த ஒரு தமிழ்ச் சிப்பாயின் மகன். தமிழில் அவ்வப்போது இந்தி கலந்து பேசினார். ஐம்பதைத் தாண்டியவர்; அண்ணே என்றுதான் கூப்பிட வந்தது.

ரூட்டரின் இருப்பிடத்தைப் பதியும் வேலையை முதலில் எடுத்தோம். 1991-இல் வந்த எம்.ஐ.பி.-2 தரம் ஒவ்வொரு கருவிக்குள்ளும் இரண்டு இடம் ஒதுக்கியிருக்கிறது: இந்தக் கருவி எங்கே இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும். இவ்வளவு பயனுள்ள இரண்டு வரிகள் உலகெங்கும் காலியாகவோ, தொழிற்சாலையில் எழுதியதோடோ கிடக்கின்றன. 255 எழுத்துக்குள் ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும், தமிழ் ஏற்காது. அட்சரேகை தீர்க்கரேகையை எழுதலாமா என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: “எழுதுங்க தம்பி. ஆனா இங்க நிலம் நகரும்.”

அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2004 நிலநடுக்கத்தில் இந்தத் தீவுச் சங்கிலியின் வடமுனை மேலெழுந்தது, தென்முனை தாழ்ந்தது. நாட்டின் தென்கோடியான இந்திரா முனை ஏறத்தாழ 4.25 மீட்டர் இறங்கி, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி தண்ணீருக்குள் போய்விட்டது. தெற்கே போகும் சாலை பல இடங்களில் கடலுக்குள் போனது. கருவியின் இடத்தை எண்ணாக மட்டும் எழுதினால் போதாது என்று அவர் சொன்னது அனுபவம். எண்ணையும் எழுதினோம், அவர் சொன்ன அடையாளங்களையும் எழுதினோம்: எந்தக் கட்டடம், எந்த மாடி, சாவி யாரிடம், கப்பல் துறையிலிருந்து ஏறும்போது எந்தப் பக்கம். சில நிமிடங்களில் அந்த வரி சென்னைத் திரையில் வந்துவிட்டது. அங்கே வேலையில் இருந்த தோழி போன் செய்து, மாடிப்படி இடது பக்கமா வலது பக்கமா என்று கேட்டார். இதுவரை அந்தக் கிளையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

திரும்பும் கப்பல் கடல் கொந்தளிப்பால் தள்ளிப்போனது. அண்ணன் வரைபடத்தை முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டிருந்தார். ஹட் பேயில் போட்ட கம்பத்தின் சின்னத்தைச் சுட்டிக் காட்டி, “இதுக்கு மட்டும் பதில் வராதுன்னு சொன்னீங்களே, இப்படி வேற என்ன வேணா போடலாமா?” என்றார். போடலாம் என்றேன். “அப்ப பவர் ஹவுஸைப் போடுங்க.”

மெயின்லேண்டின் மின்கட்டம் இந்தத் தீவுகளுக்கு வராது. கேம்ப்பெல் பேக்கு டீசல் ஜெனரேட்டர்கள்தான். டீசல் கப்பலில் வர வேண்டும். கேபிள் கரையேறும் நிலையம், டவர், எங்கள் கிளை, எல்லாம் அந்த ஒரு கொட்டகையின் உறுமலில் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனியாக பேட்டரி உண்டு. எது எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அவருக்கு மனப்பாடம். எங்கள் படத்தில் அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத புள்ளிகளாக இருந்தன. மின்சாரம் போனால் ஒன்றன்பின் ஒன்றாக அவை சிவப்பாகும்போது, சென்னையில் உள்ளவர்கள் தனித்தனிப் பழுதுகளைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

நாங்கள் இருவரும் பவர் ஹவுஸ் வரை நடந்தோம். உள்ளே போக அனுமதி இல்லை. வேலிக்கு வெளியே நின்று சத்தத்தில் கத்திப் பேசினோம். லேப்டாப்பைத் திண்டில் வைத்து ஒரு சதுரம் வரைந்து பெயர் எழுதினேன். இதிலிருந்து எத்தனை கோடு இழுக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். “நம்ம கிளை. கேபிள் ஸ்டேஷன். டவர். ஆஸ்பத்திரி. போஸ்ட் ஆபீஸ்.” அவற்றில் பாதி எங்கள் வாடிக்கையாளருடையவை அல்ல என்றேன். “பரவாயில்ல, போட்டு வைங்க. போஸ்ட் ஆபீஸ்ல லைட் போனா அடுத்து நம்ம கிளைதான். அங்க போன் பண்ணிக் கேட்டாலே உங்களுக்குத் தெரிஞ்சிரும்.” போட்டேன்; போஸ்ட் ஆபீஸின் போன் எண்ணை அவர் சொல்லச் சொல்ல அந்தச் சின்னத்துக்குக் கீழே எழுதினேன்.